ரூஷெனா எந்தக் கணக்கில் பஸ் ஏறினாள்?

பிரெஸ்னா,
ஏப்ரல் கடைசி ஞாயிறு, காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் எவ்ஜென் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் அலோய்ஸ் குபாத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். நலமா என்று கேட்டால், இதை முழுவதும் படித்துவிட்டுத் தாங்களே ஒரு முடிவுக்கு வரவும். அங்கு தங்கள் முழங்கால், பிளம் மரங்கள், போன ஈஸ்டருக்கு என் காலைக் கவ்விய தங்கள் நாய் யாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கேட்டால் ஆகாதா, கடிதம் எதற்கு என்பீர்கள். கேட்டேனே! கூப்பிட்டபோதெல்லாம் "ம்... இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். "இருக்கா" என்பது தகவல். எனக்கு வேண்டியது விளக்கம்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை தங்கள் தங்கை ரூஷெனா பழுப்புப் பெட்டியோடு பத்து மணி பஸ்ஸில் ஏறி ஓலொமோட்ஸுக்கு, தங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்திருக்கிறாள். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி கோப்பையை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறாளா, இல்லை என்னை விட்டுவிட்டே வந்துவிட்டாளா? இரண்டில் எது? இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஊரே பித்துப் பிடித்துக் கிடக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் கம்மிதான். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தங்களுக்குத் தெரியும். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கோடு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான், இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் அவனுது. இவர்களோ பனியில் நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பர் வட்டு முதலில் தாண்டினால் சரியாம், ஆள் முதலில் தாண்டினால் தப்பாம். தாண்டவே கூடாதென்றால் புரியும், தாண்டலாம் என்றாலும் புரியும், இது என்ன கூத்து? எங்கள் காட்டுப்பன்றிகள் அணி செப்டம்பரிலிருந்து தோற்றுக்கொண்டே வந்தது. அக்டோபரில் பயிற்சியாளரை அனுப்பினார்கள், நவம்பரில் புதியவரையும் அனுப்பிவிட்டுப் பழையவரையே கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு ஆட்டம் ஆடிப் பத்தாவது இடத்தில் வந்து நின்றார்கள். சரி, தொலைந்தது, இனிமேல் ஊர் ஜனம் உருளைக்கிழங்கு நடப் போகும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். இல்லையாம்! பத்தாவதாக வந்தவனுக்கும் பிளே-ஆஃப் என்று கோப்பைக்கான தனிச் சுற்று உண்டாம், அதில் எல்லாம் மறுபடி முதலிலிருந்தாம். அப்படியானால் செப்டம்பரிலிருந்து எதற்கு ஆடினார்கள் என்று இறைச்சிக் கடையில் கேட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "குபாத், நெசமாவே நீ இந்த ஊர்லதான் பொறந்தியா?" என்றார்.

எங்கள் மாடியில் அணியின் கோல்கீப்பர் ரைவிஸ் குடியிருப்பது தாங்கள் அறிந்ததே. லாட்வியாக்காரன், நல்ல பிள்ளை, வாசலிலேயே செருப்பைக் கழற்றுவான். நம் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது வணக்கம், நன்றி, கொழுக்கட்டை, இன்னும் சில சொற்கள். மற்றதையெல்லாம் ஹனாக் வந்து சொல்வார். ஹனாக் என்பவர் அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர், சறுக்குக் காலணிகளுக்குச் சாணை பிடிப்பது, நாற்றமெடுத்த சட்டைகளைத் துவைப்பது எல்லாம் அவர் வேலை. பள்ளியில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த ரஷ்ய பாஷையை வைத்துக்கொண்டு ரைவிஸுக்கும் ஊருக்கும் நடுவில் அவர்தான் பாலம்.

பிளே-ஆஃபின் முதல் ஆட்டம் ஒரு புதன்கிழமை. அன்று காலை அடுப்படியில் ரூஷெனா என்னிடம், "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை" என்றேன்.

"வேற?"

"வேற என்ன? புதன்கிழமைன்னா புதன்கிழமைதான்."

மச்சான், சூப் பாத்திரத்தின் மூடி என் காதை உரசிக்கொண்டு போய்க் கதவில் மோதியது. "நாட்டுல இருக்கற வயலுக்கெல்லாம் எல்லை தெரியும் உங்களுக்கு. இந்த வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கான்னு மட்டும் தெரியாது! நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"போ. பத்து மணிக்கு பஸ் இருக்கு" என்றேன். அது தகவலாகத்தான் சொன்னேன், சத்தியமாக. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் போய்ச் சேருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, திரும்பி வந்து வெங்காயம் நறுக்கினாள். மத்தியானம்தான் நாட்காட்டியைப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேரே ரூஷெனா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. பிறந்தநாளைப் போலக் கொண்டாட வேண்டிய அவளுடைய பெயர்நாள்! ஊரில் உள்ள மற்ற ரூஷெனாக்களெல்லாம் பூவும் கேக்குமாக உட்கார்ந்திருந்திருப்பார்கள். தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் டியூலிப் வாங்கினேன். அன்றைக்கே கொடுத்தால் மூடி மறுபடி பறக்குமோ என்று பயந்து, காலையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நிலவறையில் தண்ணீரில் வைத்தேன். அன்று மாலை காட்டுப்பன்றிகள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டார்கள்.

வியாழன் காலை ரூஷெனா இனிப்பு பன் டப்பாவோடு எங்கோ வெளியே போயிருந்தாள். நான் பூவை எடுக்க நிலவறைக்கு இறங்கும்போது ஹனாக் வந்து நின்றார். "குபாத் ஐயா, நேத்து காலைல உங்க வீட்ல சண்டையாமே?"

"ஆமாம், மன்னிக்கணும். பையன் தூக்கம் கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போச்சாவா! கோலுக்கு வந்த அத்தனையையும் நிறுத்தியிருக்கான்யா! அடுத்த மேட்ச் அன்னிக்கும் அதே சண்டை வேணுமாம். வார்த்தை மாறக் கூடாது, மூடி பறக்கணும், அம்மா பெட்டியோட பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் பஸ்ஸை விட்டுட்டுத் திரும்பணும், நீங்க வாசலைத் தாண்டக் கூடாது."

"இது என்னய்யா அநியாயம்?"

"கோல்கீப்பர்னா அப்படித்தான். இடது கால் உறையை முதல்ல மாட்டி ஒரு நாள் ஜெயிச்சான்னா சாகற வரைக்கும் இடதுதான். நாடு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னால வாங்கின கோப்பைக்கு அப்புறம் இந்த ஊருக்கு ஒண்ணும் வரலை. உங்களால போச்சுன்னு பேர் வேணுமா?" என்று சொன்னவர் என் கையிலிருந்த பூவைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. "சமாதானமா? ஐயையோ! கோப்பை வர்ற வரைக்கும் அந்தப் பேச்சே கூடாது. மன்னிப்புங்கற வார்த்தை இந்த வீட்ல கேட்டுச்சோ, முடிஞ்சுது!" என்று பூவைப் பிடுங்கிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரூஷெனாவிடம் சண்டை விஷயத்தை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பாள் அல்லது இன்னொரு மூடியை எடுப்பாள் என்று நினைத்தேன். "அணிக்காகன்னா செய்யலாம்" என்றாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது. அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. "இன்னிக்கு என்ன நாள்?" என்கிறாள், "புதன்கிழமை" என்கிறேன். அதற்கடுத்தது ஞாயிறு. மாதாகோயில் மணி காதைப் பிளக்கிறது, நானோ புதன்கிழமை என்கிறேன். எத்தனை வருஷம் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான், வாய் கூசாதா? ஹனாக் கூடத்தில் நின்று கவனிப்பார். "மூடி சத்தம் பத்தலையாம், ரைவிஸ் சொல்றான்" என்பார். மூடி அடிபட்டு அடிபட்டுச் சப்பட்டையாகி, பக்கத்து வீடுகளிலிருந்து ஆளாளுக்கு மூடி கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியூர் ஆட்டமென்றால் அணியின் வண்டியே எங்கள் சண்டை முடிந்துதான் கிளம்பியது. பெட்டி கனம் இருந்தால்தான் நடை சரியாக இருக்கும் என்று அதில் பழைய செய்தித்தாள் கட்டு வைத்தோம். பஸ் ஸ்டாப்பில் கழுத்துத் துணியும் கொடியுமாக ஒரு கூட்டம் காத்திருக்கும். ஓட்டுநர் யிந்த்ரா உங்கள் தங்கை கிட்டே வந்ததும் கதவைச் சாத்தி, ஹாரன் அடித்து, வண்டியை எடுப்பார். கூட்டம் கைதட்டும். அரையிறுதி சமயத்தில் எதிர் ஊர்க்காரன் ஒருவன் காரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தி, "ஏறுங்கம்மா, ஓலொமோட்ஸ் வரைக்கும் நான் கொண்டு விடறேன்" என்று நைச்சியம் பண்ணியிருக்கிறான். இறைச்சிக் கடைக்காரர் போட்ட சத்தத்தில் அவன் வண்டி பின்னோக்கியே ஓடியதாம்.

அவர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள், மச்சான், அதுதான் என் தலையெழுத்து. முதல் சுற்று போயிற்று, முதலிடம் பிடித்த அணியைக் கால் இறுதியில் கவிழ்த்தார்கள், அரையிறுதியும் போயிற்று. சவரம் செய்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம், ஊரில் ஒரு ஆண் சவரம் செய்யவில்லை, பாதிரியார் உட்பட. என்னையும் மரியாதைக்காக அரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒருவன் இன்னொருவன் மண்டையில் மட்டையால் போட்டான். ஜெயிலா என்றால் இல்லை, ஒரு கூண்டில் ரெண்டு நிமிஷம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்கு ஒரு கோல் வேண்டியிருந்தது, அதற்கு அவர்கள் தங்கள் கோல்கீப்பரையே வெளியே கூப்பிட்டுக்கொண்டார்கள். வீட்டில் திருடன் வருகிற நேரத்தில் கதவைக் கழற்றி வைப்பதா? நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பின் வரிசையில் ஒரு அம்மாள், "குபாத் ஐயா, நீங்க சண்டை மட்டும் போடுங்க, போதும்" என்றாள்.

இனிமேல்தான் எனக்குப் புரியாத பகுதி வருகிறது. ரூஷெனா சண்டையில் புது வரிகள் சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் மூடியை எறிந்துவிட்டு, "இத்தனை வருஷமா சூப் வைக்கிறேன், நல்லா இருக்கு, இல்லைன்னு ஒரு தடவை சொன்னதுண்டா?" என்றாள். நான் ஹனாக்கைப் பார்த்தேன். அது முதல் நாள் சண்டையில் இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். ஆகவே நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு நாள், "எனக்கு போன வருஷம் கண் ஆபரேஷன் ஆச்சு. எந்தக் கண்ணுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். இடது கண் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தானே! ஆனால் அணி அப்போது அந்தச் சுற்றில் ஒரு ஆட்டம் பின்தங்கியிருந்தது. எனவே, "போ. பத்து மணிக்கு பஸ் இருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது நடிப்பா நிஜமா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். நடிப்பென்றால் அவள் நாடகத்துக்குப் போயிருக்கலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆட்டமில்லாத நாளிலாவது பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறப்பேன், ஹனாக்கின் வெளுத்த முகம் ஞாபகம் வரும், உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிடுவேன்.

இறுதிச் சுற்றில் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம் வெள்ளியன்று. அன்று காலை அவள் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை" என்றேன்.

மூடியை எறியவில்லை. எடுத்துப் பாத்திரத்தின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்ற வரியையும் சொல்லவில்லை. வரி விட்டுப் போனால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஹனாக்கும் அன்று அரங்கத்து வேலையில் வர நேரமாகிவிட்டது. குழம்பிப் போய் என் வரியைச் சொல்லிவிட்டேன். "சரி" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஓட்டுநர் யிந்த்ரா ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு விடுப்பில் போய்விட்டிருக்கிறார். வேற்றூர் ஆள் ஒருவன் பஸ்ஸை ஓட்டி வந்து, பெட்டியோடு ஒரு அம்மாள் நிற்பதைப் பார்த்து, எல்லோரையும் போலக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிவிட்டாள், மச்சான். கூட்டம் ஐயையோ என்று கத்தியதாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

ஊரே என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும். ஆனால் காட்டுப்பன்றிகள் இரண்டாவது கூடுதல் நேரத்தில் கோல் போட்டுக் கோப்பையை வாங்கிவிட்டார்கள்! நேற்று மத்தியானம் நகராட்சி மன்ற மாடத்தில் என்னையும் ஏற்றி நிறுத்தினார்கள். கீழே சதுக்கம் முழுக்கத் தாடி. "ரூஷெனா, பஸ் ஏறு! ரூஷெனா, பஸ் ஏறு!" என்று பாட்டாகப் பாடுகிறார்கள். அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலிருந்தே அம்மா பஸ் ஏறிவிட வேண்டும் என்று மேயர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார். நானும் கை அசைத்தேன், சிரித்தேன், யாரோ கொடுத்த பிளம் சாராயத்தைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஜில்லென்று கிடந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து அழுதேன்.

அணிக்காகத்தான் போனாள் என்பதற்கு ஆதாரம், படிக்கிற கண்ணாடியை மேஜையிலேயே விட்டிருக்கிறாள். நிஜமாகப் போனாள் என்பதற்கு ஆதாரம், செய்தித்தாள் கட்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, ஆக பெட்டிக்குள்ளே இருப்பது துணி. எதை எடுத்துக்கொள்வது? தயவுசெய்து பக்குவமாக விசாரித்து எழுதவும். அணிக்காக என்றால், சீசன் முடிந்துவிட்டது, வரலாம் என்று சொல்லவும். எனக்காக என்றால் நான் என்ன சொல்ல வேண்டும் என்றும் கேட்டு எழுதவும். ஒன்றரை மாதமாக ஒரே வரிகளைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சொந்த வரி எதுவும் வரமாட்டேன் என்கிறது.

தங்கள் முழங்கால் வலி இந்தக் கோடையில் தங்களை விட்டுத் தொலையட்டும், மரங்கள் கிளை முறியக் காய்க்கட்டும், வீட்டில் அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும் உரித்தாகுக.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
அலோய்ஸ் குபாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ரைவிஸ் மூட்டை முடிச்சுகளோடு கீழே இறங்கினான், ஊருக்குக் கிளம்புகிறான். அவனை ஏற்றிப்போக ஹனாக் வண்டியோடு வந்து நிற்கிறார். "அம்மா எங்க? நல்ல அம்மா. நன்றி சொல்லணும்" என்றான். உன் சண்டைக்காகத்தானப்பா போனாள் என்றேன். என்ன சண்டை என்கிறான்! அரைகுறைச் சொற்களும் சைகையுமாகச் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், மேட்ச் நாள் காலையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பத்தரை மணி வரை தூங்குவானாம், சண்டையாவது மூடியாவது, அவன் ஒன்றும் கேட்டதில்லை, யாரிடமும் ஒன்றும் கேட்கவும் இல்லையாம்.

ஹனாக் வண்டிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். பிடித்து உலுக்கினேன். "அம்மாதான்யா சொன்னாங்க. முதல் மேட்ச் முடிஞ்ச மறுநாள் பன் எடுத்துக்கிட்டு அரங்கத்துக்கு வந்தாங்க. கோல்கீப்பர் கேக்கறதா சொல்லு, அப்பவாவது அந்த மனுஷன் ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் என்கிட்ட பேசுவாரு, ஏதாவது ஒரு நாள் மாத்திச் சொல்லுவாருன்னாங்க. விளையாட்டா ஆரம்பிச்சேன். ஆனா முந்தின நாள் நெசமாவே ஜெயிச்சிருந்தாங்களே, எனக்கே பயம் வந்துடுச்சு. பூவைப் பிடுங்கினது, மன்னிப்பு கூடாதுன்னது, வாசலைத் தாண்டாதேன்னதெல்லாம் நானா சொன்னது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது." அப்புறம் காலணியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இவர் கூடப் போன மேட்ச் நாளிலெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் கேட்பாளாம், "ஹனாக், பின்னால வர்றாரா பாரு." இவர் எட்டிப் பார்த்து, "இல்லம்மா, வாசல்லயேதான் நிக்கிறாரு" என்பாராம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் விசாரிக்க வேண்டாம். இதை அஞ்சலிலும் போடவில்லை. பத்து மணி பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாயால் சொன்னால் உளறிவிடுவேன் என்பதால் தங்கள் கையில் கொடுக்கிறேன். அதனால் இந்த இடத்தைத் தாங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நான் தங்கள் வாசலில்தான் நிற்கிறேன் என்று அர்த்தம். படித்தது போதும் மச்சான், அவளைக் கூப்பிடுங்கள்.